பாபாசாகேப் கோரிய கருத்தடை உரிமை

மாவ் படைமுகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த பீமாராவ், ராம்ஜி–பீமாபாய் இணையரின் 14ஆவது பிள்ளை. அவர்களுள் வளர்ந்து ஆளானோர் ஐவர் மட்டுமே. அவர் சிறுவனாக இருந்தபோதே தாய் மறைந்தார். பின்னாளில் அவரும் ரமாபாயும் பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். நோயுற்றிருந்த ரமாபாய் 1935 மே 27இல் காலமானார். அண்ணலின் வரலாற்றை எழுதுவோர் இவற்றைத் துயரக் குறிப்புகளாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பிள்ளைப்பேறு குறித்து அவர் மேற்கொண்ட அரசியலோடு இவற்றைச் சேர்த்து வாசிப்போர் குறைவு.

1928இல் பம்பாய் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று உதவி மசோதாவை அவர் ஆதரித்தார். பம்பாயில் 1921இலேயே கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கியவர் ஆர்.டி. கார்வே. தமது இதழில் வாசகரின் பாலியல் கேள்விகளுக்கு விடையளித்ததற்காக அவர்மீது ஆபாச வழக்குத் தொடுக்கப்பட்டது. 1934இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வே தண்டம் கட்டினார்.

1938 நவம்பர் 10 அன்று சுதந்திரத் தொழிலாளர் கட்சி கொணர்ந்த தீர்மானம் இன்னும் துணிவானது. அன்று அம்பேத்கர் அவைக்கு வரவில்லை. அவர் ஆயத்தம் செய்த உரையைக் கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோஹம் முன்வைத்தார். கருத்தடை பற்றி அரசே மக்களிடம் பரப்புரை செய்யவேண்டும், அதற்கான வசதிகளையும் அளிக்கவேண்டும் என்பதே கோரிக்கை. வறுமையும் தாய்மாரின் நலிவும் வாதங்களாக இடம்பெற்றன. ஆயினும் அவ்வுரையின் உயிர்நிலை வேறு: கருத்தரிப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை முழுவதும் பெண்ணுடையது. காந்தியார் புலனடக்கத்தையே வழியாகக் கூறிவந்த காலம் அது. அவை தீர்மானத்தை நிராகரித்தது.

அவர் விடவில்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், திருமணத்துக்கு அவசரப்படவேண்டாம், பிள்ளைகளை மிகுதியாகப் பெறவேண்டாம் என்று அறிவுறுத்தினார். சாதி ஒழிப்புக்காகத் திரண்ட மேடையில் இது பேசப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்திய அரசு 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்கள்தொகைப் பெருக்கமே அதன் முதற்கவலையாக இருந்தது. பெண்ணின் விருப்பம் பின்னுக்குப் போனது. நான்கு ஆண்டுகளில் அண்ணல் மறைந்தார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு.