தசைக்கு ஆற்றல் தருவது எது? சுப்பாராவ் கண்ட விடை

விடுதி மாடிப்படி ஏறுகிறோம், பந்தை உதைக்கிறோம். இதற்கான ஆற்றல் உணவிலிருந்து வருகிறது என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் உண்ட சோறு தசையின் அசைவாக மாறுவது எவ்வாறு? இதற்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர், நம் சென்னையில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். உணவின் சத்து உடலில் சேராதபடி தடுக்கும் ஸ்புரு என்னும் குடல்நோய், அவருடைய உடன்பிறந்தார் இருவரைப் பலிகொண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தியதால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார் என்பர்.

1923-இல் அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் மருத்துவமனைக் கூலியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வார்டில் பயின்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, உடலின் நீர்மங்களில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அம்முறையின் துணையால் தசையில் 1927-இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார்.

ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்த மணிகள்போல் வரிசையாக உள்ளன. கடைசி மணி நீருடன் வினைபுரிந்து பிரிகையில் வெளிப்படும் ஆற்றலே தசையை இயக்குகிறது. இழந்த மணியை உடனே ஈடுசெய்வது பாஸ்போகிரியாட்டின்; தொடர்ந்து ஈடுசெய்வது நாம் உண்ட உணவு. உணவு களஞ்சியத்து நெல் என்றால், ஏ.டி.பி. கையிலுள்ள சில்லறைக் காசு. உயிரணு செலவிடுவது காசைத்தான்.

1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். 1945-இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர்; அது ஸ்புரு நோய்க்கு மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அவர் அளித்த மறுமொழி அது! யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும், குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணித்த அமினோப்டெரினும் அவ்வாய்வகத்தின் கொடைகளே.

1948-இல் தம் 53-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தேர்வில் தவறி, ஊருக்கு என்னவென்று கடிதம் எழுதுவது எனக் கலங்கும் நண்பர் நம் விடுதியிலும் இருக்கலாம். அவரிடம் சுப்பாராவின் மூன்றாம் முறையைச் சொல்லுங்கள்.