விண்மீன் திரள்களின் வயதறிந்த அம்மையார்

இரவில் நாம் வெறுங்கண்ணால் காணும் விண்மீன்கள் யாவும் பால்வீதி என்னும் ஒரே திரளைச் சேர்ந்தவை. இத்தகைய திரள்கள் வானவெளியில் கோடானுகோடி உண்டு. அவை காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி அம்மையார்.

அவர் 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் நியூசிலாந்தில் குடியேறினார். கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்றார். மணமானபின், 1963-இல் கணவருடன் அமெரிக்காவின் டாலஸ் நகருக்குச் சென்றார். வானியல் பயில இடம் கிடைத்ததோ ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆஸ்டின் நகரில்! அவ்வளவு தூரமும் போய்வந்தே படித்து, 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தோட்டத்து மண்பாதையில் நெடுந்தூரம் நடந்து பயின்ற நம் பெரியோர் இதன் அருமையை அறிவர்.

மிகுந்த வெப்பமுடைய நீல விண்மீன்கள் பேரொளி வீசி விரைவில் அழிந்துவிடும். சிறிய செந்நிற விண்மீன்களோ நெடுங்காலம் வாழும். ஆகவே, புதிய விண்மீன்கள் பிறவாத திரள் நாளடைவில் சிவந்து மங்கும். எக்காலத்தில் எத்தனை விண்மீன்கள் பிறந்திருக்கும், அவை எவ்வளவு காலம் ஒளிர்ந்திருக்கும் என்பனவற்றையெல்லாம் கூட்டி, ஒரு திரளின் நிறமும் ஒளியும் மாறும் விதத்தை அம்மையார் கணினியின் துணையால் கணித்தார். அதனைத் தொலைநோக்கிகள் அளந்த ஒளியுடன் ஒப்பிட்டார்.

அக்காலத்து மூத்த வானியலார் சிலர், பெருந்திரள்களின் ஒளி சிறிதளவே மாறும் எனக் கொண்டு, அவற்றையே அளவுகோலாக வைத்து அண்டத்தின் விரிவை ஆராய்ந்து வந்தனர். வளரும் மூங்கிலைக் கோலாகக் கொண்டு நிலத்தை அளந்தால் கணக்கு நேராகுமா? இதனை இளம் பெண்ணொருவர் எடுத்துரைத்தபோது எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. கணக்கு அவர் பக்கமே நின்றது.

டாலஸில் தகுதிக்கேற்ற பதவி அவருக்குக் கிட்டவில்லை. வீட்டில் வளர்ப்புப் பிள்ளைகள் இருவர். 1974-இல் மணவாழ்வு முறிய, பிள்ளைகளைப் பிரிந்து சென்று, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அம்முடிவு சரியா தவறா என நாம் தீர்ப்புக் கூறத் துணியோம். 1978-இல் அங்கு வானியல் பேராசிரியரான முதற் பெண்மணி அவரே. அவ்வாண்டிலேயே தோற்புற்றுநோயும் அவரைப் பற்றியது. வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் எழுதப் பழகி, இறுதி ஆய்வுரையை முடித்தார். 1981 மார்ச் 23-இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 40.

2021-இல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 1300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பதிவு செய்கிறது. அவ்வொளியைக் கொண்டு அத்திரள்களின் வயதைக் கணிப்போர், அம்மையார் வகுத்த வழியிலேயே இன்றும் கணக்கிடுகின்றனர்.