எரிக் டால்பி

எரிக் ஆலன் டால்பி (ஜூன் 20, 1928 – ஜூன் 29, 1964) அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் இசைக் கலைஞர் ஆவார். ஆல்டோ சாக்சபோன், பாஸ் கிளாரினெட், புல்லாங்குழல் ஆகிய மூன்று இசைக்கருவிகளிலும் இவர் தேர்ச்சி பெற்றிருந்தார். இவருக்கு முன்னர் ஜாஸ் இசையில் அரிதாகவே பயன்பட்ட பாஸ் கிளாரினெட்டைத் தனித்து வாசிக்கத்தக்க கருவியாக நிலைநிறுத்திய பெருமை இவரைச் சாரும். தன் பெயரில் இவர் இசைத்தொகுப்புகளைப் பதிவு செய்த காலம் நான்கு ஆண்டுகளைச் சற்றே கடந்தது. இதனால் மேடைகளிலும் இசை விடுதிகளிலும் செய்யப்பட்ட நேரடிப் பதிவுகள் இவரது கலையை அறிய இன்றியமையாத சான்றுகளாக உள்ளன.

வாழ்க்கைச் சுருக்கம்

டால்பி கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் பனாமாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1958 இல் சிக்கோ ஹாமில்டனின் குழுவில் இணைந்தபோதே பரவலாக அறியப்பட்டார். பின்னர் நியூயார்க் சென்று சார்லஸ் மிங்கசின் குழுவில் வாசித்தார். தன் பெயரிலான முதல் இசைத்தொகுப்பை 1960 ஏப்ரலில் பதிவு செய்தார்.

இசைப் பாணி

டால்பியின் வாசிப்பில் சுரங்கள் மிகத் தொலைவான இடைவெளிகளில் தாவிச் செல்லும். மனிதக் குரலையும் பறவைகளின் ஒலியையும் நினைவூட்டும் ஒலிகளை இவர் கருவிகளில் எழுப்பினார். ஆயினும் இவரது கற்பனை பாடலின் சுர அமைப்பை முற்றிலும் கைவிட்டதில்லை.

நேரடிப் பதிவுகள்

1960 ஜூலை 13 அன்று பிரான்சின் அந்தீபு ஜாஸ் விழாவில் மிங்கசின் குழுவுடன் டால்பி வாசித்தார். அதில் மிங்கசின் டபுள் பேசும் டால்பியின் பாஸ் கிளாரினெட்டும் இருவர் வாதிடுவதைப் போல மாறி மாறி ஒலிக்கும் பகுதி புகழ் பெற்றது. இப்பதிவு 1976 இல் வெளியானது.

1961 ஜூலை 16 அன்று நியூயார்க்கின் பைவ் ஸ்பாட் விடுதியில் டால்பியும் எக்காளக் கலைஞர் புக்கர் லிட்டிலும் இணைந்து நிகழ்த்திய இசை பதிவு செய்யப்பட்டது. மால் வால்ட்ரன் பியானோவும், ரிச்சர்ட் டேவிஸ் பேசும், எட் பிளாக்வெல் டிரம்சும் வாசித்தனர். விடுதியின் பியானோ சுருதி பிசகியிருந்தபோதிலும் இது சிறந்த ஜாஸ் பதிவுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. லிட்டில் அதே ஆண்டு அக்டோபரில் தம் 23 ஆம் அகவையில் காலமானார். இக்கூட்டணி தொடர வாய்ப்பில்லாமற் போயிற்று.

1961 செப்டம்பரில் கோபன்ஹேகனில் டால்பி வாசித்த இசையும் பதிவு செய்யப்பட்டது. பில்லி ஹாலிடேயின் பாடல் ஒன்றைத் துணைக்கருவிகள் எவையுமின்றிப் பாஸ் கிளாரினெட்டில் மட்டும் இவர் வாசித்தது இதில் இடம்பெறுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் ஒருவராக வில்லேஜ் வான்கார்டு விடுதியில் வாசித்தார். அக்காலத்தில் டவுன்பீட் இதழில் எழுதிய விமர்சகர் ஒருவர் இருவரின் இசையையும் ஜாஸுக்கு எதிரானது எனச் சாடினார். இருவரும் 1962 இல் அதே இதழில் தம் நிலையை விளக்கினர். அன்று கண்டனத்துக்குள்ளான அக்குழுவின் வான்கார்டு நிகழ்ச்சிகள் 1997 இல் முழுமையாகத் தொகுத்து வெளியிடப்பட்டன. 1961 இல் வில்லேஜ் கேட் விடுதியில் இக்குழு வாசித்த மற்றொரு பதிவு 2023 இல் வெளியானது.

1963 மார்ச் 10 அன்று இலினொய் பல்கலைக்கழகத்தில் டால்பி நடத்திய நிகழ்ச்சியில் இளைஞராயிருந்த ஹெர்பி ஹான்காக் பியானோ வாசித்தார். இது 1999 இல் வெளியிடப்பட்டது.

இறுதிக் காலம்

1964 பெப்ரவரியில் புளூ நோட் நிறுவனத்திற்காக அவுட் டு லஞ்ச் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபின், டால்பி ஏப்ரலில் மிங்கசின் குழுவுடன் ஐரோப்பா சென்றார். பயணம் முடிந்ததும் நாடு திரும்பாமல் அங்கேயே தங்கினார்.

ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில், சிறு அவையினர் முன்னிலையில், மிஷா மெங்கல்பர்க், ஜாக் ஸ்கோல்ஸ், ஹான் பென்னிங்க் ஆகியோருடன் வாசித்தார். லாஸ்ட் டேட் என்ற பெயரில் இப்பதிவு இவரது மறைவுக்குப் பின் வெளியானது. தலைப்பு இறுதிப் பதிவு என்ற பொருளைத் தந்தாலும், டால்பி அம்மாதமே பாரிசிலும் வாசித்துப் பதிவு செய்துள்ளார். இத்தொகுப்பில் உள்ள புல்லாங்குழல் வாசிப்பு இவரது வாசிப்புகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இசையின் நிலையாமை குறித்து டால்பி கூறிய சில சொற்களும் தட்டின் முடிவில் சேர்க்கப்பட்டுள்ளன.

நிகழ்ச்சிக்காக மேற்கு பெர்லின் சென்றிருந்தபோது டால்பி நோய்வாய்ப்பட்டார். அதுவரை கண்டறியப்படாதிருந்த நீரிழிவு நோயினால் நினைவிழந்து, ஜூன் 29 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 36. அவுட் டு லஞ்ச் அச்சமயம் வெளிவந்திருக்கவில்லை. டவுன்பீட் இதழ் அவ்வாண்டிலேயே இவரைத் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்தது. டால்பியின் தாயார் மகனின் புல்லாங்குழலையும் பாஸ் கிளாரினெட்டையும் கோல்ட்ரேனுக்கு வழங்கினார்.