கல்பனா என்று இரண்டு பேர்



வானிலை என்பது நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சும்மா பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பயர் ஆபீஸில் வெயில் அடித்தால்தான் வேலை. தீபாவளி நெருங்குகிற நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். காயப்போட்ட வெடி நமுத்துப் போனால் உழைப்பு வீண். மின்னல் வெட்டினாலோ உயிருக்கே ஆபத்து. அதனால்தான் டி.வி. செய்தியில் காட்டும் மேகப் படத்தை நம்ம ஊர்ப் பெரியவர்கள் அப்படி உற்றுப் பார்ப்பார்கள். பல ஆண்டுகள் அந்தப் படங்களை அனுப்பிய செயற்கைக்கோள்களில் ஒன்றுதான் கல்பனா-1. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியான கல்பனா சாவ்லாவைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன்.

கல்பனா பிறந்தது ஹரியானாவில் கர்னால் என்ற ஊரில், 1962 மார்ச் 17-ல். பெரிய நகரமெல்லாம் இல்லை. ஆனால் அங்கே ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. தலைக்கு மேலே பறந்த சின்ன விமானங்களைப் பார்த்தே அந்தப் பெண்ணுக்கு ஆசை பிறந்தது. சண்டிகரில் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் கேட்டுச் சேர்ந்தார். பெண்களுக்கு அது ஏற்ற படிப்பா என்று ஊரே சந்தேகப்பட்ட காலம்! 1982-ல் பட்டம். பிறகு அமெரிக்கா போய் 1984-ல் டெக்சாஸில் முதுநிலைப் பட்டம், 1988-ல் கொலராடோவில் டாக்டர் பட்டம். அதே ஆண்டு நாசாவின் ஏம்ஸ் மையத்தில், விமானத்தைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வேலை. 1994 டிசம்பரில் விண்வெளி வீரராகத் தேர்வானார்.

1997 நவம்பர் 19-ல் கொலம்பியா ஓடத்தில் முதல் பயணம். பூமியை 252 முறை சுற்றி வந்தார்கள். அந்தப் பயணத்தில் ஒரு சோதனையும் வந்தது. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடுவது கல்பனாவின் பொறுப்பு. விட்டார். அது செய்ய வேண்டிய அசைவைச் செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் போனபோது பிடி சரியாக விழாமல் அது சுழல ஆரம்பித்துவிட்டது. கடைசியில் இரண்டு வீரர்கள் வெளியே போய்க் கையாலேயே பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

பழி யார் மேல் விழும்? கடைசியாகத் தொட்ட கை கல்பனாவுடையதுதானே! ஆனால் நாசா மாதக்கணக்கில் விசாரித்தது. மென்பொருள் அமைப்பிலும், வீரர்களுக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் வகுத்திருந்த நடைமுறைகளிலும் கோளாறு இருந்தது என்று கண்டுபிடித்தது. கல்பனா மேல் குற்றமில்லை என்றும் ஆனது. 2000-ல் மறுபடியும் பயணத்துக்குத் தேர்வானார்.

அவர் அந்தப் பயிற்சியில் இருந்தபோதுதான், 2002 செப்டம்பர் 12-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-4 ராக்கெட் மெட்சாட்-1 என்ற செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. 1,060 கிலோ எடை. வானிலைக்கென்றே இஸ்ரோ செய்த முதல் செயற்கைக்கோள் அது.

2003 ஜனவரி 16-ல் கல்பனா இரண்டாம் முறை புறப்பட்டார். கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதத்தைப் பார்க்க, சுற்றிக்கொண்டிருந்த ஓடத்தைப் படம் பிடித்துத் தரச் சொல்லிச் சில பொறியாளர்கள் கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பிப்ரவரி 1-ல், தரையிறங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது கொலம்பியா சிதறியது. 7 பேரும் போனார்கள். 4 நாள் கழித்து, பிப்ரவரி 5-ல், மெட்சாட்-1 கல்பனா-1 ஆனது.

இனி இரண்டாவது கல்பனாவின் வாழ்க்கை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில் அதற்கு இடம். நம்ம மாவட்டம் சுமார் 78 டிகிரி. கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேதான்! பூமியோடு கூடவே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். ஆனால் சும்மா நிற்காது. சூரியனும் சந்திரனும் இழுக்கிற இழுப்பில் பாதை ஆண்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாயும். கர்நாடகத்தில் ஹாசனிலுள்ள கட்டுப்பாட்டு நிலையம் சிக்னல் அனுப்பி, அது போய்வரும் கால் விநாடியை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கும். பிறகு கொஞ்சம் எரிபொருளை எரித்து இடத்துக்குத் தள்ளும்.

இப்படி வாழும் செயற்கைக்கோளுக்கு வயதாகி எரிபொருள் குறைந்தால் என்ன ஆகும்? வடக்கு தெற்கு சாய்வைத் திருத்துவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அது வானத்தில் தினமும் 8 போட ஆரம்பிக்கும். கீழே ஆண்டெனா அதைத் துரத்த வேண்டும். கிழக்கு மேற்கில் மட்டும் நம்ம கல்பனாவுக்கு ஒரு வசதி. பூமியின் ஈர்ப்பு சமநிலைப்படும் 75 டிகிரி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளத்தில் கிடக்கும் கோலி மாதிரி, அதிக தூரம் உருண்டு ஓடாது.

7 ஆண்டு உழைக்கத் திட்டமிட்டதுதான் கல்பனா-1. 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே புயலையும் அது பார்த்தது. 2013-ல் இன்சாட்-3டி வந்த பிறகும் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றது.

நண்பர்களே, நம்ம பக்கம் ஒரு விபத்து நடந்தால், விடிவதற்குள் செத்துப்போனவரின் கவனக்குறைவு என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். கல்பனாவின் வாழ்க்கையில் நான் படித்த பாடம் இதற்கு நேர் எதிர். ஸ்பார்ட்டனில் கையைப் பழிக்காமல் நடைமுறையைத் தோண்டினார்கள், உண்மை கிடைத்தது. கொலம்பியாவில் சின்னத் துண்டுதானே என்று பார்க்காமல் விட்டார்கள். 7 உயிர் போனது. நாளைக்கு நம்மில் பலர் பயர் ஆபீஸிலோ, அச்சகத்திலோ, மில்லிலோ சூப்பர்வைசர் ஆகப் போகிறோம். கீழே வேலை செய்கிறவர் ஏதோ சரியில்லை, ஒரு தடவை பாருங்கள் சார் என்பார். அன்றைக்கு எழுந்து போய்ப் பார்ப்போம். கல்பனாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.