சிலரே எடுத்தாண்ட கட்டுரை

ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை இன்று எப்படி அளக்கிறார்கள்? எத்தனை கட்டுரைகள் எழுதினார், பிறர் அவற்றை எத்தனை தரம் எடுத்தாண்டனர் என்றே எண்ணுகிறார்கள். அந்த அளவுகோலைக் கிறகோர் மெண்டல் அடிகளாரிடம் வைத்துப் பாருங்கள்.

1822இல் ஒஸ்திரியச் சிலேசியாவில் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1843இல் பிர்னோ நகர் அகுஸ்தீனார் மடத்திற் சேர்ந்து 1847இல் குருவானார். 1850இல் ஆசிரியப் பரீட்சையில் சித்தியடையவில்லை. ஆயினும் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, விதைகளைப் பொறுமையாக எண்ணினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதற் சந்ததி முழுவதும் உருண்டையாயிருந்தது. அடுத்த சந்ததியிலோ 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த இயல்பு அழிந்துவிடவில்லை!

1865இல் இதனைப் பிர்னோ இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் வாசித்தார். 1866இல் கட்டுரை அச்சேறியது. தனிப்பிரதிகள் நாற்பது பெற்று அறிஞர் சிலருக்கும் அனுப்பினார். மியூனிச் பேராசிரியர் நேகெலி பதில் எழுதினார். அதன் பெறுமதியை உணரவில்லை. எடுத்தாண்டோர் மிகச் சிலரே. 1868இல் மடாதிபதியான பின் நிருவாகமும் அரசாங்கத்துடனான வரிப் பிணக்கும் அவரது காலத்தை விழுங்கின. 1884 சனவரி 6இல் காலமானார்.

1900இல் தாவரவியலாளர் மூவர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, பழைய கட்டுரையைக் கண்டனர். பிறப்புரிமையியலும் பரம்பரை நோய்கள் பற்றிய வைத்திய அறிவும் அந்த அத்திவாரத்திலேயே எழுந்தன.

வாசகரே, உங்கள் உழைப்பை எவரும் கணக்கெடுக்கவில்லையென்று சோர்கிறீர்களா? மெண்டல் அடிகளார் எண்ணியது புகழையல்ல, விதைகளையே.