டாக்டர் ரிவர்ஸ் சரிதம்

மேட்டூர் அணையின் நீர் மிகவும் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடியின் அருகே கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்களும், ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் நீருக்குமேல் தலைகாட்டுவதை எம் ஊரார் யாவரும் அறிவர். 1925-ஆம் ஆண்டில் தொடங்கி 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ஆம் நாள் திறக்கப்பெற்ற அவ்வணையால் காவிரி நாட்டு வயல்கள் செழித்தன என்பது மெய். அந்நீர் பரந்த இடத்தில் முன்பு ஊர்கள் பல இருந்தன என்பதும் மெய்யே. எம் பாட்டியாரின் பெற்றோர் அவ்வூர்களுள் ஒன்றை விட்டு மேட்டுநிலம் ஏறியவர். பாட்டியார் பிறந்ததோ அணை எழுந்து பல்லாண்டு கழிந்த பின்னர். ஆயினும், கோபுரம் தோன்றிற்று என்று கேட்ட அன்று அவர் உணவு கொள்வதில்லை. கரைக்குச் சென்று நெடுநேரம் நின்று மீள்வார். அவ்வூரின் பெயரை மட்டும் ஒருபோதும் வாயால் உரையார். தாம் காணாத ஊருக்காக ஒருவர் வருந்துதல் எங்ஙனம்? இவ்வினாவே எம்மை டாக்டர் ரிவர்ஸ் என்னும் பேரறிஞரது சரித்திரத்தின்பால் ஈர்த்தது.

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்பது அவரது முழுப்பெயர். ரிவர்ஸ் என்னும் சொல் அதில் இருமுறை வருதல் நோக்கற்பாலது. அச்சொல் நம் மொழியில் ஆறுகள் எனப் பொருள்படும். ஆறு என்னும் பெயர் பூண்டவர் பிறர்க்கு ஆறுதல் அளிப்பதையே தொழிலாகக் கொண்டது எமக்கு வியப்பும் உவப்பும் தருகின்றது. அவர் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துச் சாத்தம் நகரின் அருகே பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர். திக்குவாய் உடையோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் வல்லவர். ஆயினும் அவர் மைந்தர்க்கே திக்குவாய் இருந்தது. அக்குறை வாழ்நாள் முழுதும் முற்றும் நீங்கவில்லை.

அவரது இளமையைப் பற்றிய ஒரு செய்தி ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஐந்து வயது வரை தாம் வாழ்ந்த இல்லத்தின் கீழ்த்தளம் அவர் நினைவில் தெளிவாக இருந்தது. மேல்மாடியோ எத்துணை முயன்றும் மனக்கண்முன் தோன்றவில்லை. அங்கே தமக்கு நேர்ந்த ஏதோ ஒன்றை மனம் மறைத்துவிட்டது போலும் என்று அவர் பிற்காலத்தில் ஐயுற்று, தம் நூலிலேயே அதனை எழுதினார். மறந்த ஒன்றும் மனிதனை ஆளும் என்பதை அவர் முதற்கண் தம்மிடத்தே கண்டார் எனலாம்.

விஷசுரத்தால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாணாக்கராய்ச் சேரும் வாய்ப்பை இழந்த அவர், லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவசாலையில் பயின்று, 1886-ஆம் ஆண்டில் தம் இருபத்திரண்டாம் வயதில் வைத்தியப் பட்டம் பெற்றார். கப்பல் வைத்தியராய்க் கடலும் சுற்றினார். 1893-ஆம் ஆண்டில் அதே கேம்பிரிட்ஜ் அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. 1898-ஆம் ஆண்டில் ஹாடன் என்பார் தலைமையில் டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். ஆங்கு வாழும் மக்களை அவர் ஒருவர்பின் ஒருவராய் அணுகித் தந்தை யார், தாய் யார், அவர்தம் உடன்பிறந்தார் யார் என்று பொறுமையோடு வினவி எழுதினார். இங்ஙனம் எழுதப்பெற்ற குலவரிசை முறை, பின்னர் மானிட நூலார்க்கு இன்றியமையாக் கருவியாயிற்று.

இவர் நம் நாட்டிற்கும் வந்தவர் என்பதை நம் மாணாக்கருட் பலர் அறியார். 1901, 1902-ஆம் ஆண்டுகளில் அவர் நீலகிரியில் தோடரிடையே தங்கினார். அம்மலைநாட்டு நீரைச் சுமந்து வரும் பவானியாறு, எம் மேட்டூருக்குக் கீழே காவிரியோடு கூடுகின்றது. மிஷனைச் சேர்ந்த உபதேசியார் ஒருவர் அவருக்கு மொழிபெயர்த்து உதவினார். தோடரது எருமைப் பால்மனைகளையும் சடங்குகளையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1906-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறைபொருள்களை அவருக்கு உரைத்த தோடர் சிலரது இல்லங்களில் அக்காலத்தே துன்பங்கள் நேர்ந்தன. தெய்வக் குற்றமே காரணம் என்று குறி சொல்வோர் கூறினர். அதன்பின் பலர் வாய் திறவாராயினர். ரிவர்ஸ் இதனை மறையாது தம் நூலில் எழுதினார். பிறர் உள்ளத்தைத் திறக்கச் செய்பவன், அதனால் அவர்க்கு நேர்வதையும் எண்ணல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடமாகும்.

1914-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. பதுங்குகுழிகளில் குண்டுமழை நடுவே கிடந்த போர்வீரர் பலர் உடலிற் காயமின்றியே நலிந்தனர். சிலர் பேச்சிழந்தனர், சிலர் கால் வழங்காராயினர், பலர் இரவுதோறும் அலறி விழித்தனர். முதலில் வெடியின் அதிர்ச்சி மூளையைத் தாக்கிற்று என்று வைத்தியர் கருதினர். இவர்களைக் கோழைகள் என்று இகழ்ந்தாரும் உளர். மின்சாரத்தால் தாக்கித் திருத்த முயன்றாரும் உளர். கோழைமை, படையை விட்டோடுதல் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் சேனையில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு, 2006-ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருள்ளும் இந்நோயாற் பீடிக்கப்பட்டோர் இருந்திருத்தல் கூடும் என எண்ணுங்கால் நெஞ்சு பதைக்கின்றது.

ரிவர்ஸ் 1915-ஆம் ஆண்டில் லிவர்ப்பூலின் அருகே மாகல் மருத்துவசாலையிலும், 1916-ஆம் ஆண்டு முதல் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவசாலையிலும் இந்நோயாளர்க்குச் சிகிச்சை செய்தார். நடந்ததை மறந்துவிடுக என்பதே அக்காலத்தோர் கூறிய அறிவுரை. பகலெல்லாம் முயன்று அடக்கிய நினைவு இரவிற் கனவாய் வந்து வருத்துவதை ரிவர்ஸ் கண்டார். ஆதலின், அந்நினைவை நண்பரிடம் கூறுவதுபோல் தம்மிடம் கூறுமாறு செய்து, அதில் தாங்கத்தக்க ஒரு பகுதியைத் தேடிக் காட்டினார். சிதைந்த நண்பனது உடலைக் கண்டு, அக்காட்சியையே நாடோறும் கனவிற் கண்டு நடுங்கினான் ஓர் அதிகாரி. அத்துணைச் சிதைவு நேர்ந்தமையால் அந்நண்பன் நோவறியாது நொடியில் உயிர் நீத்திருத்தல் வேண்டும் என்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். அதன்பின் அவனது கனவு மாறியது. தன் நண்பனோடு துயர் பகிர்ந்துகொள்ளும் கனவாயிற்று. எல்லார்க்கும் இங்ஙனம் ஆறுதல் கிட்டவில்லை என்பதையும் ரிவர்ஸ் ஒளிக்கவில்லை. இவ்வநுபவங்களை அவர் 1917-ஆம் ஆண்டு டிசம்பரில் வைத்தியர் சபையில் உரைத்தார்; மறு ஆண்டு அவ்வுரை லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது.

1917-ஆம் ஆண்டு ஜூலையில் அவரிடம் வந்தவர் சீக்பிரீட் சசூன் என்னும் கவிஞர். யுத்தம் நீட்டிக்கப்படுவதைக் கண்டித்து வெளிப்படையாய் அறிக்கை விடுத்த வீரர் அவர். இருவரும் உற்ற நண்பராயினர். ஆயினும் நோயாளரைக் குணமாக்கி மீண்டும் போர்க்களத்திற்கு அனுப்புவதே ரிவர்ஸின் கடமையாய் இருந்தது. சசூனும் திரும்பிச் சென்றார். தாம் தேற்றிய மனத்தைத் தாமே மீண்டும் நெருப்பில் இடுதல் தகுமோ என்னும் கலக்கம் ரிவர்ஸை விட்டு நீங்கவில்லை. எம் கருத்தில் அவரது பெருமை இக்கலக்கத்திலும் விளங்குகின்றது.

யுத்தத்திற்கு முன்னர் அவர் மெலனீசியத் தீவுகளிலும் நெடுநாள் உறைந்திருந்தார். அத்தீவினரின் தொகை ஏன் குறைந்து வருகின்றது என்னும் வினாவை ஆராய்ந்த கட்டுரைத் தொகுதி ஒன்றை 1922-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். புதுநோய்களும் ஆள்பிடிப்பும் காரணமாதல் ஒருபுறமிருக்க, தம் சடங்குகளையும் தொழில்களையும் அயலார் திடீரென ஒழித்தமையால் அம்மக்கள் வாழ்வில் விருப்பிழந்தனர் என்று அவர் துணிந்து எழுதினார். ஆட்சியாளர் மட்டுமன்றி மிஷனரிமாரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். நோய்களே பெருங்காரணம் என்று பின்வந்தோர் காட்டினும், ஓரினத்தின் துயரத்தையும் எண்ணல் வேண்டும் என்னும் அவர் கருத்துப் பழுதுபடவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள், குடலிறக்க நோய் திடீரென முற்றியதால் அவர் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

அவர் விதைத்த விதை பின்னர் முளைத்தது. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் கொடுநிகழ்ச்சிகளுக்குப் பின் வரும் இம்மனநோயைத் தன் நோய்ப்பட்டியலில் முறையாகச் சேர்த்தது. நாத்ஸி வதைமுகாம்களினின்று தப்பிய யூதரின் மக்களிடத்தும் பெற்றோரது அச்சத்தின் நிழல் காணப்படுவதைக் கனடா முதலிய நாடுகளின் வைத்தியர் 1960-களிலேயே குறித்தனர். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், ஈழப்போரால் தமிழர் உள்ளத்தில் நேர்ந்த வடுக்களைப் பற்றி 1998-ஆம் ஆண்டில் நூல் எழுதினார். தனிமனிதரேயன்றிக் குடும்பமும் ஊரும் ஒருங்கே புண்படும் என்று அவர் விளக்கினார்.

அணைக்காக ஊர் நீங்கியது போர்க்களத் துன்பத்தோடு ஒப்பதன்று என்பதை யாம் அறிவோம். எனினும், சென்ற கோடை விடுமுறையில் ரிவர்ஸின் குலவரிசை முறையை எம் பாட்டியாரிடம் கையாண்டு பார்த்தோம். துயரத்தைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. அவர் தந்தையார் பெயர் யாது, பெரியப்பா சிற்றப்பாமார் எத்தனை பேர், அத்தைமாரை எங்கே மணம் செய்து கொடுத்தனர் என்று மட்டும் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். மூன்றாம் நாள் மாலை, தம் அத்தையாரின் திருமணம் நடந்த ஆலயத்தைச் சொல்ல வந்தவர், அதனோடு ஊரின் பெயரையும் சொல்லிவிட்டார். சொன்ன பின்னர்ச் சற்றே அழுதார். அதன்பின் தம் தாயார் அடுப்புக்கல்லைச் சுமந்துகொண்டு மேடேறிய கதையைத் தாமே தொடர்ந்து கூறினார். நாற்பத்தேழு பெயர்கள் இப்போது எம் குறிப்பேட்டில் உள்ளன.

அன்பர்களே, நம் கலாசாலையில் பயிலும் பலரது இல்லங்களிலும் இங்ஙனம் உரைக்கப்படாத ஊர்கள் இருத்தல் கூடும். முதியோரை வற்புறுத்தல் ஆகாது. தோடர் வாய்மூடிய கதையை மறவற்க. அவர் அருகே அமர்ந்து, பெயர்களைக் கேட்டு, பொறுமையோடு எழுதுவோமாக.