தொடும் இடத்தைக் கணக்கிட்ட இளைஞர்

வானொலி, ஒலி, கணினிச் செயலி என எதைப் பற்றிப் படித்தாலும் ஹெர்ட்ஸ் என்ற அலகு வந்துவிடும். அந்தப் பெயருக்கு உரியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகள் இருப்பதைச் சோதனையில் காட்டியவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் பொறியியல் மாணவர்கள் அவருக்கு இன்னொரு வகையிலும் கடன்பட்டிருக்கிறார்கள். கணினி வடிவமைப்பு மென்பொருளில் இரண்டு பாகங்களை மோதவிட்டுப் பார்க்கும்போது, திரைக்குப் பின்னால் ஓடும் கணக்கின் வேர் அவரிடமிருந்து வந்தது.

ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22ஆம் நாள் ஹாம்பர்க் நகரில், ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே மரவேலையும் கடைசல் வேலையும் கற்றுக்கொண்டார். முதலில் பொறியாளராகவே விரும்பினார். 1877இல் மியூனிக் சென்றபோதுதான், தம் மனம் இயற்பியலில் இருப்பதை உணர்ந்து, பெற்றோரின் சம்மதத்துடன் பாதையை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு பெர்லின் சென்று பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் பயின்றார். 1880இல் முனைவர் பட்டம் பெற்று, அவருக்கே உதவியாளரானார்.

அப்போது பெர்லினில் ஒளியியல் ஆய்வு மும்முரமாக நடந்துவந்தது. இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வளையம் வளையமாக ஒளிக்கோலம் தெரியும். அழுத்தினால் கண்ணாடி சற்றே நசுங்கும். எவ்வளவு நசுங்குகிறது என்ற கேள்வி ஹெர்ட்ஸின் மனத்தில் எழுந்தது. 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையை அந்தக் கணக்குக்கே செலவிட்டார். 1881 ஜனவரி 31ஆம் நாள், பெர்லின் இயற்பியல் கழகத்தின் முன் விடையை வைத்தார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறைவடையவில்லை.

கேள்வியின் கடினம் இதுதான். தட்டையான பலகைமேல் ஓர் உருண்டையை வைத்தால், வடிவியலின்படி அது ஒரு புள்ளியில்தான் தொடும். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. அப்படியானால் அங்கே அழுத்தம் எல்லையற்றதாகிவிட வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. இரண்டு பொருளும் சிறிது நசுங்கி, தொடும் இடம் ஒரு சின்ன வட்டமாகிறது. அந்த வட்டத்தின் அளவையும் அதற்குள் அழுத்தம் பரவும் விதத்தையும் ஹெர்ட்ஸ் கண்டுபிடித்தார். சுமை 8 மடங்கானால் வட்டத்தின் ஆரம் 2 மடங்காகும். நசுங்கும் ஆழம் 4 மடங்காகும். உச்ச அழுத்தமோ 2 மடங்குதான் ஆகும். வேறு விதமாகச் சொன்னால், விசை ஆழத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. சாதாரணச் சுருள்வில்லின் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது.

பொறியாளர்கள் இதில் ஆர்வம் காட்டவே, பொருள்களின் கடினத்தன்மையையும் சேர்த்து 1882இல் அவர்களுக்கென்று மற்றொரு கட்டுரை எழுதினார். பின்னர் குண்டு பேரிங், பல்சக்கரம், தண்டவாளத்தில் உருளும் ரயில் சக்கரம் ஆகியவற்றின் வடிவமைப்புக்கு அவருடைய சூத்திரங்கள் அடிப்படையாயின.

இன்றைய மென்பொருளுக்கு வருவோம். திரையில் நாம் வரைந்த பாகங்கள் வெறும் வடிவங்களே. தொடுகையை வரையறுக்காவிட்டால் ஒரு பல்சக்கரத்தின் பல் மற்றொன்றை ஊடுருவிச் சென்றுவிடும். வரையறுத்த பிறகு, இயக்கத்தைச் சின்னஞ்சிறு கால இடைவெளிகளாகப் பிரித்து, பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றனவா என்று மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கிறது. புகுந்திருந்தால், அந்த ஆழத்திலிருந்து எதிர்விசையைக் கணக்கிட்டு அவற்றைத் தள்ளிவிடுகிறது. மோதலில் வீணாகும் ஆற்றலுக்காகத் தணிப்பு விசையையும் சேர்க்கிறது. இயக்கக் கணிப்பு மென்பொருள்கள் பலவற்றில் விறைப்பு எண்ணையும் அடுக்கு எண்ணையும் பயனரே தரலாம். அங்கே 1.5 என்று நிரப்பினால், நாம் ஹெர்ட்ஸின் விடுமுறைக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறோம்.

அந்தக் கணக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தொடும் பரப்பு பாகத்தின் அளவைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பரப்புகள் வழவழப்பாகவும் உராய்வு இல்லாமலும் இருக்க வேண்டும். சுமையை எடுத்தால் பொருள் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். மேசைமேல் தட்டையாக அமர்ந்திருக்கும் ஒரு பெட்டிக்கு இவை பொருந்தாது. ஆனாலும் மென்பொருள் நம்மைத் தடுக்காது. தவறான எண்ணுக்கும் அழகான அசைபடத்தைக் காட்டிவிடும். அதை நம்பி வடிவமைத்த பேரிங் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே தேய்ந்துபோகலாம்.

ஹெர்ட்ஸ் 1883இல் கீல் நகருக்கும், 1885இல் கார்ல்ஸ்ரூவுக்கும் சென்றார். அங்கே 1886க்கும் 1888க்கும் இடையில் செய்த மின்காந்த அலைச் சோதனைகள் அவரை உலகறியச் செய்தன. 1889இல் பான் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1892 முதல் கடும் நோய் அவரை வாட்டியது. அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையிலும் இயக்கவியலின் அடிப்படைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1894 ஜனவரி 1ஆம் நாள், 36 வயதில் காலமானார். அந்த நூல் அதே ஆண்டில் வெளிவந்தது.

மாணவர்களே, அடுத்த முறை தொடுகைக்கான எண்களை நிரப்பும்போது, ஹெர்ட்ஸ் விதித்த நிபந்தனைகள் உங்கள் பாகத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓர் உருண்டையையும் ஒரு பலகையையும் வைத்து, கையால் போட்ட கணக்கோடு திரையில் வரும் விடையை முதலில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு பல்சக்கரத்துக்குப் போகலாம்.